நீலத் தாளில் மஹீன்

மேகலாவுக்கு எதையும் இரண்டாகப் பார்த்துத்தான் பழக்கம். கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணும் மாப்பிள்ளையும் அழகா என்று பார்க்கமாட்டாள்; இருவர் தோளும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பாள். வீட்டு ஜன்னலின் ஒரு கதவு நூலளவு இறங்கியிருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. "இவளக் கட்டிக்கிட்ட அப்புறம்தான் எனக்கு ஒரு பக்கத்து மீச கம்மின்னே தெரிஞ்சுது" என்று அவள் கணவர் கன்னியப்பன் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆம்பூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் அவர். சிரிப்புக்குப் பஞ்சமில்லாத மனிதர்.

பழியை முழுக்க அவள் தலையில் போடுவதும் நியாயமில்லை. நாட்றம்பள்ளியிலிருந்து கல்யாணமாகி வந்த வருஷமே ஷூ கம்பெனியில் சேர்ந்தவள். முதலில் பசை தடவும் வேலை, அப்புறம் நூல் வெட்டும் வேலை, அதன்பின் பதினோரு வருஷம் ஜோடி மேஜை. பாலிஷ் போட்டு வருகிற ஷூக்களில் இடதையும் வலதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, குதிகால் உயரம், மூக்கு நீளம், தோலின் நிறம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். வலது ஷூவை மட்டும் காட்டி இது சரியா தப்பா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இடதை எடுத்துவா என்பாள். இடது வந்துவிட்டால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் ஸ்கேல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலை மேகலா இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

நின்றே பார்க்கிற வேலை. கால் நரம்பெல்லாம் சுருண்டு புடைத்துக்கொண்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் அவளைக் கூப்பிட்டு, குழந்தைகள் காப்பகத்துக்கு மாற்றியிருக்கிறோம், உட்கார்ந்து செய்கிற வேலை என்றார்கள். அன்றைக்கு மேகலா கழிவறைக்குப் போய் அழுதாள். பதினோரு வருஷம் ஷூவைப் பார்த்தவளைப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட அனுப்புகிறார்களே என்று இருந்தது.

மூன்று மாதம்கூட அந்த வருத்தம் தாங்கவில்லை. அம்மாக்கள் லைனில் ஷூ தைத்துக்கொண்டிருக்க, பதினொன்று பன்னிரண்டு குழந்தைகள் பாயில் புரள்கிற அந்த அறைக்கு அவள் ராணியாகிவிட்டாள். பாலூட்ட வருகிற அம்மாக்கள் வாசலிலேயே நின்று கையைக் காட்ட வேண்டும். "பசை சொல்யூஷன் கையோட புள்ளயத் தொடாத, போய்க் கழுவிட்டு வா" என்று சூப்பர்வைசரையே திருப்பி அனுப்பியிருக்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை வந்த நர்ஸ் சிஸ்டர் எடை போடவும் நீளம் அளக்கவும் சொல்லிக்கொடுத்தார். தராசு முதலில் பூஜ்யத்தில் நிற்க வேண்டும், துணியைக் கழற்ற வேண்டும், பலகையில் படுக்கவைத்து அளக்கும்போது ஒருவர் தலையைப் பிடிக்க ஒருவர் முட்டியை அமுக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் பிடித்துப்போன விஷயங்கள். அளவு என்றால் அவளுக்குப் பாயசம்.

இப்படி இருக்கையில்தான் ஒரே நாளில் இரண்டு குழந்தைகள் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. ஒன்று, பேக்கிங்கில் வேலைபார்க்கும் சௌந்தர்யாவின் மகன் சஷ்வின். மற்றொன்று, தையல் லைனில் இருக்கும் ஆஃப்ரீனின் மகள் மஹீன். இரண்டும் ஒரே தேதியில் பிறந்தவை. ஆறு மாத லீவு முடிந்து அம்மாக்கள் இருவரும் ஒரே காலையில் வந்து நின்றார்கள். மேகலாவுக்குச் சொல்லவா வேண்டும்! "என் ஜோடி வந்துட்சு" என்று இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினாள்.

கிடத்தியதும் கண் தன் வேலையைப் பார்த்துவிட்டது. சஷ்வின் தொடையில் மூன்று மடிப்பு. மஹீன் தொடையில் ஒன்று, அதுவும் அரைகுறை. தலை, கை, பாதம் எல்லாவற்றிலும் அவன் ஒரு சுற்று பெரிது.

அந்த வாரம்தான் சிஸ்டர் அரக்கோணத்துக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது வளர்ச்சி வரைபடத் தாள்கள் ஒரு கட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் நீலம் பாதி, ரோஜா நிறம் பாதி. கோடுகள் கீழிருந்து மேலே வளைந்து ஏறும். நடுவில் நல்ல வளர்ச்சிக்குப் பச்சைப் பட்டை, அதன் கீழே எடை குறைந்தால் மஞ்சள், அதற்கும் கீழே ஆரஞ்சு. மாதா மாதம் எடையைப் புள்ளி வைத்துப் புள்ளிகளை இணைத்துக்கொண்டே போக வேண்டும். மற்றக் குழந்தைகளுக்கெல்லாம் சிஸ்டரே ஆளுக்கொரு தாள் போட்டு ஃபைலில் வைத்திருந்தார். புதிதாக வந்த இருவருக்கும் மேகலா தானே போட்டாள். நிறம் என்னவோ பார்வைக்குத்தான், பிறந்தநாள் சட்டை மாதிரி, என்று நினைத்தாள். ஜோடியை யாராவது இரண்டு பெட்டியில் போடுவார்களா? ஒரே நீலத் தாளை எடுத்து, சஷ்வினுக்குக் கறுப்புப் பேனாவில் ஒரு புள்ளி, மஹீனுக்குச் சிவப்புப் பேனாவில் ஒரு புள்ளி வைத்தாள். தாள் நீளமாக இருந்ததால் மேல் விளிம்பைப் பின்னால் மடித்து, பாலூட்டும் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினாள். ஒட்டியது கோணாமல் இருந்ததில் அவளுக்கு அன்று முழுக்க ஒரு திருப்தி.

நாலு மாதம் அந்தத் தாள் அங்கே இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆஃப்ரீன் அதற்கு எதிரே உட்கார்ந்து மகளுக்குப் பால் கொடுத்தாள். கறுப்புக் கோடு பச்சையில் சொகுசாக ஏறியது. சிவப்புக் கோடு மஞ்சளில் கிடந்தது.

"இன்னாக்கா, இவ மட்டும் மஞ்சள்லயே இருக்குறா?" என்று முதல் மாதம் கேட்டாள் ஆஃப்ரீன்.

"ஏறிடுவா, வுடு. அவன் எப்டி ஏறுறான் பாரு" என்றாள் மேகலா. ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னாள்.

இரண்டாம் மாதம் கேட்டபோது, "ஜோடி சேரலையேம்மா. இன்னும் ரெண்டு வாய் ஜாஸ்தியா குடுத்துப் பாரேன்" என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது அடுத்தவள் நிம்மதி.

ஆஃப்ரீன் கொடுக்க ஆரம்பித்தாள். ராகிக் கூழ், நெய் விட்ட பருப்புச் சாதம், மசித்த வாழைப்பழம், அது முடிந்ததும் பாலில் ஊறிய பிஸ்கட். மஹீன் முதலில் முகத்தைத் திருப்பினாள். அப்புறம் கையால் தட்டினாள். ஒன்பதாவது மாதத்தில் ஸ்பூனைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொண்டு அலற ஆரம்பித்தாள். அந்த மாதம் தடுப்பூசிக்குப் போனபோது ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், புள்ள நல்லாதான் இருக்கு என்று சொல்லியிருக்கிறார். ஆஃப்ரீன் நம்பவில்லை. அந்தக் கூட்டத்தில் அவர் எங்கே சரியாகப் பார்த்திருப்பார் என்றாள். தினமும் கண் முன்னால் இருக்கிற சுவர் பொய் சொல்லுமா?

தையல் லைனில் ஆஃப்ரீனைப் போலக் கை யாருக்கும் கிடையாது. அவள் குடும்பத்தில் கம்பெனி வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். அதற்கடுத்த மாதம் அவளை லைன் சூப்பர்வைசராக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. சேதி கேட்ட மேகலா பாலூட்டும் நேரத்தில் அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தாள். ஆஃப்ரீன் சிரிக்கவில்லை.

"நான் எழுதிக் குடுத்துட்டேன்கா. சனிக்கிழமையோட நின்னுட்றேன்."

"இன்னாடி சொல்ற?"

"வீட்ல இருந்து பாத்துக்கிட்டாதான் இவ தேறுவா. சௌந்தர்யா புள்ளயப் பாருங்க. அதே தேதிதானே? நான் இங்க ஷூ தச்சிட்டு இருக்கேன், என் புள்ள வளரல." அவள் கண் சுவரிலேயே இருந்தது.

மேகலாவுக்கு வருத்தம் இரண்டு. மஹீனை இனிப் பார்க்கமாட்டோம் என்பது ஒன்று. இத்தனை கெட்டிக்காரி வீட்டில் போய் உட்காரப்போகிறாளே என்பது இன்னொன்று. "வியாழக்கிழம புது டாக்டரம்மா வர்றாங்களாம். அவங்க பாக்கட்டும், அதுவரைக்கும் பொறு" என்று மட்டும் சொன்னாள்.

புது டாக்டர் ஜஹீதாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பாகாயத்து மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தார். மேஜை நாற்காலி போட்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுப் பாயில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் எந்தக் குழந்தையையும் தொடவேயில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். இது என்ன டாக்டர் என்று மேகலாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஆஃப்ரீன் மகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். வரிசையில் அடுத்ததாக சௌந்தர்யா மகனோடு காத்திருந்தாள். குழந்தை அமைதியாக இருக்கும்போதே டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, நெஞ்சில் வைத்துக் கேட்டார். அப்புறம் வயிறு. அப்புறம் இரண்டு முட்டியையும் மடக்கி, பூ விரிக்கிற மாதிரி மெல்ல வெளிப்பக்கம் விரித்துப் பார்த்தார். உச்சந்தலையின் மெத்தென்ற இடத்தை விரல் நுனியால் தடவினார். "காது, வாயெல்லாம் கடைசி. அழவைக்கிற வேலைய முதல்ல பண்ணிட்டா அப்புறம் நெஞ்சு எங்க கேக்கும்?" என்று மேகலாவைப் பார்த்துச் சிரித்தார். சந்தேகம் அந்த இடத்தில் தீர்ந்தது. வேலை தெரிந்தவர்களை மேகலாவுக்கு உடனே பிடித்துவிடும்.

தலைச் சுற்றளவு நாற்பத்து மூன்று. நீளம் அறுபத்தெட்டு. எடை ஏழு கிலோ. மேகலா படித்துச் சொல்லச் சொல்ல டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு ஒற்றைப் பொரியைப் பாயில் வைத்தார். மஹீன் அதைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தாள். கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் குவித்து, நகைக்கடையில் கல் பொறுக்குகிற மாதிரி எடுத்து, மேகலாவிடம் நீட்டினாள்.

"பொறந்தப்ப எவ்ளோ இருந்தா?" என்று கேட்டார் டாக்டர்.

"ரெண்டரை."

"உங்க உயரம்? அவங்க அப்பா?"

ஆஃப்ரீன் எழுந்து நின்றாலே சௌந்தர்யாவின் தோளுக்குத்தான் வருவாள். "அவரும் என்னை மாதிரிதான் மேடம்."

"அப்போ இவ மட்டும் ஒட்டகச்சிவிங்கியாவா வருவா? நல்லா இருக்கா. ஒரு குறையும் இல்ல. யாரு சொன்னது வளரலன்னு?"

ஆஃப்ரீன் சுவரைக் காட்டினாள். டாக்டர் எழுந்துபோய் அந்தத் தாளைப் பார்த்தார். பின்னால் மடித்திருந்த விளிம்பை நகத்தால் கிளப்பி நிமிர்த்தினார். ஆண் குழந்தைகளுக்கானது என்று அங்கே கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

"இது பசங்க தாள் ஆச்சே. பொண்ணுங்களுக்கு வேற கணக்கு. பொண்ணுங்க எடை கொஞ்சம் கம்மியாதான் இருக்கும். இவளை இதுல யாரு போட்டது?"

அறையில் நாலைந்து அம்மாக்கள் இருந்தார்கள். மேகலாவுக்குக் காது சூடாகிவிட்டது. சிஸ்டர் ஒட்டியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரக்கோணத்திலிருந்து அந்த அம்மாள் ரயிலேறி வந்து சண்டை போடப் போவதில்லை. அந்த நினைப்பு வந்தது உண்மை. வந்ததற்காகவே அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது.

"நான்தான் மேடம் போட்டேன். ஒரே நாள்ல பொறந்ததுங்க, ஒண்ணா இருக்கட்டும்னு போட்டேன். கலரு சும்மா அழகுக்குன்னு நெனச்சேன்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரோஜா நிறத் தாள் ஒன்றை எடுத்து, சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றினார். ஆறு, ஆறே கால், ஆறரை தாண்டி, ஆறே முக்கால் தாண்டி, ஏழு. அத்தனையும் பச்சையின் அடிப்பக்கத்தில், ஓரமாக, ஆனால் பச்சைக்குள்ளேயே, கோட்டுக்கு இணையாக ஏறிக்கொண்டிருந்தன.

"பாருங்க. எல்லாப் புள்ளையும் நடுக்கோட்டுல போகணும்னு சட்டம் இல்ல. அவங்கவங்க பாதையில ஏறிட்டு இருக்காங்களான்னுதான் பாக்கணும். வழுக்குனாதான் நமக்கு வேலை. இவ ஒரு மாசம்கூட வழுக்கல." பிறகு ஆஃப்ரீனிடம் உருதுவில் என்னவோ மெதுவாகச் சொன்னார். மேகலாவுக்குப் பாதி புரிந்தது. பிள்ளை வாயை மூடிக்கொண்டால் அது நோய் இல்லை, வயிறு நிறைந்தது என்று சொல்கிறாள், சொன்னால் கேளுங்கள் என்பதுதான் அது.

ஆஃப்ரீன் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மேகலாவின் பக்கம் திரும்பினாள். "நாலு மாசம்கா" என்றாள். சுவரைப் பார்த்துக் கலங்கியதும், கூழைத் துப்பிய பிள்ளையை மடியில் அமுக்கிப்பிடித்து ஊட்டியதும் எல்லாம் அந்த வார்த்தையில் இருந்தது. குழந்தையைப் பாயில் விட்டுவிட்டு லைனுக்குப் போய்விட்டாள்.

மேகலாவுக்கு அன்று வேலை ஓடவில்லை. கை விரல் ஐந்தும் ஒன்றாகவா இருக்கிறது என்று மற்றவர்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! ஒரு குழந்தையை அதன் தகப்பன் தாயைப் பார்த்து, அதன் போன மாதத்தைப் பார்த்து அளக்க வேண்டும் என்பது ஏன் தோன்றாமல் போனது? தனியாக ஒன்றைப் பார்க்கத் தனக்குத் தெரியவே தெரியாது என்பது நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு உறைத்தது. அழுதால் குழந்தைகள் பயந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

மாலை சங்கு ஊதியதும், ரோஜாத் தாளை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். ஆஃப்ரீனின் கணவன் தௌசீப் அகமது பைக்கோடு வழக்கமாக நிற்கும் இடம் அவளுக்குத் தெரியும். பேரணாம்பட்டில் கையுறை தைக்கும் கூடத்தில் வேலை செய்பவன், அதிகம் பேசாதவன்.

"தம்பி, வேலைய வுடச் சொன்னது நீங்களா?"

"நான் ஏன்கா சொல்றேன்? அவதான் தெனம் அழுவுறா. புள்ளயா வேலையான்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

மேகலா தாளை விரித்துப் பைக்கின் டேங்க் மேல் வைத்து, ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துக் காட்டினாள். கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வெட்கமாகத்தான் இருந்தது. இருக்கட்டும் என்று குரலை உயர்த்தினாள். "தப்பு என்னுது தம்பி. உங்க புள்ள மேலயும் இல்ல, உங்க பொண்டாட்டி மேலயும் இல்ல. தப்பான தாள்ல போட்டு, அடுத்த வூட்டுப் புள்ளயோட சேத்து வெச்சு, நாலு மாசம் அவள அழவெச்சது நான்."

"இப்ப இவ வெயிட்டு ஜாஸ்தி ஆவணும்னா இன்னா பண்ணணும்?" என்று கேட்டான் தௌசீப். பாவம், அவனுக்கும் அந்தக் கேள்விதான்.

"ஒண்ணும் பண்ணாதீங்க. பசிச்சா குடுங்க. வாய மூடுனா வுட்டுடுங்க. மாசம் பொறந்தா நான் எட போட்டுச் சொல்றேன்." சொன்ன பிறகுதான், இனி எடை போடத் தன்னிடம் யார் விடப்போகிறார்கள் என்று நினைவு வந்தது. திரும்பினால் பின்னால் ஆஃப்ரீன் மகளோடு நின்றுகொண்டிருந்தாள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பைக்கில் ஏறிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆஃப்ரீன் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. அது அவள் கடைசி நாள் ஆயிற்றே, கணக்கு முடிக்கவாவது வருவாள் என்று மேகலா வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். சுவரில் அவள் நீலத் தாளைக் கிழித்தெடுத்த இடம் வெறிச்சென்று இருந்தது. சஷ்வினுக்குப் புதுத் தாள் போட்டு ஃபைலில் வைத்தாள். சௌந்தர்யா வந்து, "நான்கூட என் புள்ளயக் காட்டிக் காட்டிப் பெரும பேசிட்டேன்கா" என்றாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை குழம்பில் உப்பு இல்லை. கன்னியப்பன் அதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தது, அவர் வழக்கத்துக்குப் பெரிய விஷயம்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ஆஃப்ரீன். புர்காவுக்கு மேல் சூப்பர்வைசர்கள் போடுகிற சாம்பல் நிறக் கோட்டு. ஒரு கையில் பை, இடுப்பில் மஹீன். கேட்காமலேயே கையை விரித்துக் காட்டினாள், கழுவி இருந்தாள்.

"மொதல்ல ஆபீஸுக்குப் போயி லெட்டரைத் திருப்பி வாங்கிட்டேன். சூப்பர்வைசர் கோட்டும் குடுத்துட்டாங்க" என்றாள்.

மேகலா என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"இருங்கக்கா, நான் பேசிட்றேன். உங்க மேல எனக்குக் கோவம் போகல. ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்தேன், போகவே மாட்டேங்குது." இடுப்பில் நழுவிய மஹீனை ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். "ஆனா இவள யாருகிட்ட வுட்டுட்டுப் போறதுன்னு யோசிச்சா, உங்கள வுட்டா வேற ஒரு ஆளு எனக்குத் தோணல."

மேகலா இரண்டு கையையும் நீட்டினாள். மஹீன் தாவிக்கொண்டு வந்தாள். லைனில் மணி அடித்துவிட்டது, ஆஃப்ரீன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினாள். குழந்தைகள் பயந்தாலும் பரவாயில்லை என்று மேகலா மஹீனின் கழுத்தில் முகத்தை வைத்து நன்றாக அழுதாள்.